பொட்டுவின் முதுகில் மஞ்சள் மூட்டை

மலைச் சோலையில், நாவல் மரக் கிளையொன்றில் ஓர் ஆர்க்கிட் பூத்திருந்தது. அதன் நடு இதழ் நாக்கு மாதிரி நீண்டு, லேசான காற்றுக்கே ஆடும்.

பொட்டு என்ற குட்டி ஈ அந்த இதழில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு எட்டு உள்ளே நடந்தாள். இதழ் சட்டென்று எகிறி, அவளைப் பூவின் நடுத்தண்டில் மோத வைத்தது! தடுமாறி வெளியே வந்தபோது முதுகில் இரண்டு மஞ்சள் உருண்டைகள்.

"ஐயோ! இதென்ன?"

"என் மகரந்தம், கண்ணு. பத்திரமாகக் கொண்டு போ" என்றது பூ.

"உன் மூட்டையைச் சுமக்க நான் என்ன கழுதையா?"

கோபமாகப் பறந்தாள். பாரம் பின்னுக்கு இழுத்தது.

"அடியே, பொதிமாடு வருது பாருங்கடி!" என்று மற்ற ஈக்கள் சிரித்தன.

கிளையில் பதுங்கியிருந்த ஓர் ஓணான் சிரிக்கவில்லை. மெதுவாகப் பறக்கிற ஈயைத்தான் அது தேடிக்கொண்டிருந்தது. அதன் நாக்கு பொட்டுவின் இறக்கையை உரசிப் போனது!

பொட்டு மரப்பட்டையில் முதுகைத் தேய்த்தாள். உருண்டைகள் அசையவில்லை.

"கட்டெறும்பு அண்ணே, இதைக் கடிச்சு எடுங்களேன்!"

எறும்பு கடித்துப் பார்த்தது. "பலாப்பால் மாதிரி ஒட்டுதும்மா! என் வாயே போச்சு!"

அப்போது ஓடைக்கு அக்கரையிலிருந்து இன்னோர் ஆர்க்கிட் கூப்பிட்டது. "பொட்டு, இங்கே வா!"

"மறுபடியும் ஆட்டமா? ஆளை விடு!"

"என் மகரந்தம் நேற்றே போய்விட்டது. எனக்கு வர வேண்டியதுதான் இன்னும் வரவில்லை. சாயங்காலம் நான் உதிர்ந்துவிடுவேன். உன் மூட்டை கிடைத்தால்தான் எனக்கு விதை. இந்த ஆட்டத்தில்தான் அது இறங்கும்."

பொட்டு அருகில் போய்ப் பார்த்தாள். இதழ்களின் ஓரம் பழுப்பாகியிருந்தது. பின்னால், ஓடைக்கு மேல் நீண்ட கிளை வழியே ஓணான் வரும் சலசலப்பும் கேட்டது. ஓடிவிடலாம்தான். ஆனால் அந்தப் பழுப்பு ஓரத்தை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு உள்ளே நடந்தாள். இதழ் எகிறியது! உருண்டைகள் பூவின் பசைக்குழியில் ஒட்டிக்கொண்டன.

ஓணான் நாக்கை வீசியது. பொட்டு எப்போதோ பறந்துவிட்டாள்!

சில நாளில் அந்தப் பூ இருந்த இடத்தில் ஒரு பச்சைக் காய் தொங்கியது.

"என் மூட்டைடி அது!" என்று எல்லா ஈக்களையும் இழுத்துவந்து காட்டினாள் பொட்டு.

நம் முதுகில் இருப்பது யாருக்குத் தேவையோ, அவரிடம் அதைச் சேர்த்தால் அவர் வாழ்வார், நம் பாரமும் இறங்கும்.