ஆவுடையப்பன் சார் ரூமிலிருந்து வந்த புத்தகம்

இயற்பியல் துறைத் தலைவர் ஆவுடையப்பன் சார், மின்காந்தவியலுக்குத் தானே ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதைப் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் போன வருஷம் ஃபெயில். இந்த வருஷம் எந்தப் புத்தகத்தை வைக்கலாம் என்று முடிவு பண்ணக் கூட்டம் போட்டார்கள்.

கூட்டத்துக்கு முன்னால் சார், அட்டெண்டர் மாரிக்கனியை வராந்தாவில் நிறுத்தினார்.

"நான் சொன்னதும் என் புஸ்தகத்தைக் கொண்டாந்து வைக்கணும். மாத்தி வச்சே, நாளைக்கு வேலைக்கு வராதே."

 அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் படிக்கட்டில் உட்கார்ந்து அழுத பிள்ளைகளின் முகமும் கண்ணுக்குள்ளேயே நின்றது.

கூட்டத்தில் சார் மீசையைத் தடவினார். "எது நல்ல புஸ்தகம்னு படிக்காத இவளுக்கே தெரியும்! ஏ மாரிக்கனி, என் ரூம்ல இருந்து எடுத்துட்டு வா."

அவள் கொண்டுவந்து வைத்தது, வேறு யாரோ எழுதிய பழைய நீல அட்டைப் புத்தகம்.

"யாரைக் கேட்டு இதை எடுத்தே?" சார் கத்தினார்.

"கோவிச்சுக்காதீங்க சார். கிளாஸுக்குப் போறதுக்கு முன்னால கதவைச் சாத்திக்கிட்டு தினமும் இதைத்தானே படிக்கீங்க? டீ கொண்டாரப்பல்லாம் பார்க்கேன். உங்களுக்கே உதவுற புஸ்தகம், பிள்ளைகளுக்கு உதவாதா?"

பிரின்சிபால் எஸ்தர் அம்மா புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் சாருடைய கையெழுத்தில் குறிப்புகள்.

"இதையே வச்சிருவோம்," என்றார். "மாரிக்கனி, நாளையிலிருந்து என் ஆபீஸுக்கு வந்துரு. நான் என்ன படிக்கேன்னு மட்டும் வெளிய சொல்லிராதே."