முதல் தமுக்கு அரண்மனை வாசலில்

மழை விடவில்லை. ஏரிக்கரையில் விரிசல் கண்டுவிட்டது. ஜமீன்தார் சூரப்பர் இரண்டு முறை ஆள்விட்டுத் திட்டியும் ஊரில் ஒருவரும் மண்வெட்டியோடு வரவில்லை. தமுக்கடிக்கும் ஒச்சப்பனை அரண்மனை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"நான் சொல்றதை அப்படியே கத்து. ஒரு சொல் மாறினாலும் நாக்கை அறுத்துடுவேன். 'சோம்பேறிக் கழுதைகளா! தின்னுட்டுத் தூங்கினது போதும், ஏரிக்கு ஓடி வாங்கடா!'"

ஒச்சப்பன் நின்ற இடத்திலேயே தமுக்கை அடித்து, அவர் முகத்துக்கு நேரே அதை அப்படியே கத்தினான்.

சூரப்பர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். "யாரைடா சொல்றே?"

"எந்தச் சேதியும் முதல்ல அரண்மனை வாசல்லதான் சொல்லணும்னு உங்க தாத்தா போட்ட உத்தரவுங்க சாமி. கேட்டதும் மண்வெட்டியை எடுக்கத் தோணுச்சா, என்னை அடிக்கத் தோணுச்சா?"

ஓங்கிய கை இறங்கியது. கரைக்காவலாளி ஓடிவந்து, "தண்ணி இன்னும் ஒரு சாண் ஏறினா கரை போச்சு!" என்றான்.

"சரி, நீயே நல்லவிதமா மாத்திச் சொல்லிக்கோடா, போ!"

"மாத்தினா நாக்கு போயிடுமே! நீங்களே மாத்திச் சொல்லுங்க, அப்படியே சொல்றேன்."

சூரப்பர் பல்லைக் கடித்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஐயாமாரே, ஏரி உடையப்போகுது. வந்து கை கொடுங்க."

ஒச்சப்பன் அதையும் அங்கேயே முழக்கினான். பிறகு பணிவாகக் கேட்டான்: "முதல் வாசல்லேர்ந்து எத்தனை பேருங்க வர்றீங்க?"