வாய் திறவாத தவக்காலம்

“மதர், வாயைத் திறங்க. ஒரே ஒரு வாய் கஞ்சி. ஏன் திறக்க மாட்டேங்கிறீங்க?”

சிஸ்டர் அருள்சீலி கேட்டாள். பன்னிரண்டு நாளாக இதையேதான் கேட்கிறாள்.

மதர் கொர்னேலியா கரண்டியைப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்தார். உதடு பூட்டியது பூட்டியபடி இருந்தது.

செம்மணல் தேரிக்காட்டின் ஓரத்தில் இருக்கிற கன்னியர் மடம் அது. மதருக்கு வயது எழுபத்தொன்பது. அருள்சீலிக்கு நாற்பத்தாறு. துறவறப் பயிற்சிக்கு வந்த பெண்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் மதர்தான் ஆசிரியை. அதிகம் பேச மாட்டார்.

“எனக்கு ஜெபமே வர மாட்டேங்குது மதர்” என்று அழுதுகொண்டு போனாள் இருபது வயது அருள்சீலி. பக்கத்துக் கட்டில்காரிக்குப் பேன் பார்க்கச் சொன்னார் மதர்.

மூன்று நாள் பார்த்தாள்.

நாலாம் நாள், ஜெபம் வந்ததா என்று மதர் கேட்கவில்லை. “பேன் போச்சா?” என்றார்.

அந்த மதருக்குத்தான் இப்போது மறதி. அருள்சீலியை ஒரு நாள் தங்கச்சி என்பார். இன்னொரு நாள் சலவைக்காரி என்று நினைத்து, தலையணை உறை குறைகிறதே என்று சண்டைக்கு வருவார். மடத்தில் பழகிய பேச்சு எல்லாம் கரைந்துபோய், பிறந்த ஊர்ப் பேச்சு மட்டும் நாக்கில் மிஞ்சியிருந்தது.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று அதுவும் நின்றது. சாப்பாடும் நின்றது.

மடத்துத் தலைவி சிஸ்டர் ஜசிந்தாதான் முதலில் சொன்னார். “தவசு இருக்காங்க. நினைவு போயிருச்சு, தவம் போகலை பாருங்க.”

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஏன் ஆட்ட மாட்டார்கள்? தவக்காலம் வந்தால் ஒரு வேளைக் கஞ்சியோடு நிற்கிறவர்தானே மதர். அதோடு, ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் ஆண்டவரின் உடலாகிய நற்கருணை அப்பத்தைக் கொண்டுவந்தபோது அந்த உதடு நூல் அளவுக்குத் திறந்து வாங்கிக்கொண்டதை எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறும் அப்படியே.

“ஆண்டவருக்கு மட்டும் திறக்குது” என்றார் ஜசிந்தா. சபையின் மாநிலத் தலைமைக்கும் இதை எழுதிப் போட்டுவிட்டார்.

சிஸ்டர்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் முழந்தாளிட்டுப் போனார்கள். ஒருத்தி மதருடைய போர்வையில் தன் கைக்குட்டையைத் தொட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

அருள்சீலியும் நம்பினாள். நம்பிக்கொண்டே பயந்தாள். உதட்டோரம் ஊற்றுகிற தண்ணீரும் இளநீரும் மட்டும்தான் உள்ளே இறங்கின. துணி மாற்றத் தூக்கும்போதெல்லாம் மதர் முந்தின நாளைவிட ஒரு பிடி குறைந்திருந்தார்.

*

திங்கட்கிழமை டவுனிலிருந்து டாக்டர் செண்பகவல்லி வந்தார். எடை பார்த்தார். முப்பத்தொரு கிலோ.

டார்ச்சை எடுத்து, “ஆ காட்டுங்க மதர்” என்றார்.

மதர் தலையைத் திருப்பிக்கொண்டார். தாடையில் கை வைத்ததும் அந்தக் கையைத் தட்டிவிட்டார். எங்கிருந்து வந்ததோ அத்தனை வேகம்.

“தவக்காலம் டாக்டர்” என்றார் ஜசிந்தா மெதுவாக. “ஈஸ்டருக்கு அப்புறம் சாப்பிடுவாங்க.”

“அதுக்குள்ள இவங்க முடிஞ்சிருவாங்க சிஸ்டர்.”

டாக்டர் மதரின் வாயருகே குனிந்து முகர்ந்தார்.

“இந்த வாடை எத்தனை நாளா இருக்கு?”

அருள்சீலி தரையைப் பார்த்தாள். “நோன்பு வாடைன்னு நினைச்சோம்.”

“வாயைச் சுத்தம் பண்றது யாரு?”

“அவங்களேதான். கதவைச் சாத்திக்கிட்டுத்தான் பல் விளக்குவாங்க. அந்தக் காலத்திலிருந்தே யாரையும் உள்ள விட மாட்டாங்க.”

“எதுக்கு உள்ள போனோம்னு அவங்களுக்கு ஞாபகம் இருந்திருக்குமா? பிரஷ்ஷை நனைச்சு வச்சிட்டு வந்திருப்பாங்க.”

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“நம்ம வாயில கோடிக்கணக்குல கிருமி குடியிருக்கு சிஸ்டர். எச்சிலோட அதையும் விழுங்கிக்கிட்டேதான் இருக்கோம். குடல்ல அதைவிடப் பெரிய ஊரே இருக்கு. நல்லதும் உண்டு, பொல்லாததும் உண்டு. மறதி நோய்க்காரங்களுக்கு ரெண்டு இடத்துலயும் குடியிருக்கிற கூட்டம் மாறிப்போகுதுன்னு இப்ப ஆராய்ச்சி நடக்குது.”

“ஒரு கன்னியாஸ்திரி வாயில கோடிக் கிருமியா?” என்றார் ஜசிந்தா.

“பிஷப் வாயிலயும்தான்.”

ஜசிந்தா சிலுவை போட்டுக்கொண்டார்.

அருள்சீலிக்குச் சிரிப்பு வரவில்லை. “டாக்டர், வாய் கெட்டதால மறதி வந்துச்சா? மறதி வந்ததால வாய் கெட்டுச்சா?”

“அதுதான் இன்னும் யாருக்கும் தெரியலை.”

டாக்டர் பையை மூடினார். “வெள்ளிக்கிழமை வாரேன். அதுக்குள்ள வாய் வழியா எதுவும் போகலைன்னா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்கு வழியா குழாய் போட வேண்டியதுதான்.”

“பிடுங்கிருவாங்களே.”

“கையைக் கட்டித்தான் வைப்பாங்க.”

“திரும்பி வருவாங்களா டாக்டர்?”

டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

*

எல்லோரும் போன பிறகு அருள்சீலி கட்டிலருகே முழந்தாளிட்டாள்.

“மதர், என்னாலயா? ரெண்டு வருஷமா உங்களைக் குளிப்பாட்டுறேன், தலை சீவுறேன். கதவுக்கு வெளியேயே நின்னுட்டேனே. அதனாலதானா எல்லாம்?”

மதர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டினார். அருள்சீலியின் முக்காட்டில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துக் கீழே போட்டார்.

அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை அருள்சீலி புது பிரஷ் வாங்கிவந்தாள். கெஞ்சினாள். மதருக்குப் பிடித்த மாதா பாட்டைப் பாடினாள். “இப்ப திறக்கலைன்னா நான் போயிருவேன்” என்று மிரட்டினாள். போகவும் செய்தாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

புதன்கிழமை ஒரு யோசனை வந்தது. மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும். கை மூக்குவரை போனது. மதர் கண்ணை இறுக மூடிக்கொண்டார், ஊசிக்குப் பயந்த பிள்ளையைப் போல.

அருள்சீலி கையை எடுத்துவிட்டாள்.

*

வியாழக்கிழமை மதியம் ஜசிந்தா ஒரு பையைக் கொண்டுவந்து கட்டிலின் கால்மாட்டில் வைத்தார். இரண்டு அங்கி, ஒரு போர்வை, ஜெபமாலை.

“நாளைக்குக் காலையில வண்டிக்குச் சொல்லியாச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அருள்சீலி பிரஷ்ஷில் பசை வைத்தாள். மதரின் உதட்டில் தொட்டாள். உதடு திறக்கவில்லை. மறுபடி தொட்டாள். ஏழு தடவை தொட்டிருப்பாள். உதட்டோரம் கசிந்திருந்த பழுப்பு நிறக் கசடு பிரஷ்ஷில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அவளால் முடியவில்லை. நாற்பத்தாறு வயதுப் பெண், பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர், வாயை ‘ஆ’வென்று பிளந்துகொண்டு அழுதாள்.

மதர் முன்னால் குனிந்தார். அந்த வாய்க்குள் எட்டிப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

“ஏட்டி” என்றார்.

அருள்சீலிக்கு அழுகை நின்றுவிட்டது.

“பல்லு விளக்கலையாட்டி நீ? கொண்டா இங்க.”

பிரஷ் மதரின் கைக்குப் போய்விட்டது. அதன் நுனியில் அந்தப் பழுப்புக் கசடு. அந்த வாடை. டாக்டர் சொன்ன கோடிக் கிருமி அருள்சீலியின் கண்முன் வந்து நின்றது.

“காட்டு.”

அருள்சீலி தலையைப் பின்னால் இழுத்தாள்.

“காட்டுட்டி.”

அருள்சீலி வாயைத் திறந்தாள்.

மதர் நன்றாக விளக்கினார். கருகின பானையைத் தேய்க்கிற மாதிரி மேலும் கீழும் தேய்த்தார். “ஈ காட்டு” என்றார். அவள் காட்டினாள். “ஆ காட்டு. நல்லா, பெரிசா, ஆ...”

பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவளின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பிள்ளை திறப்பதற்கு முன்னால் அவள் வாய் திறந்திருக்கும். அவளுக்கே தெரியாது.

மதரின் வாய் திறந்தது.

மடத்துச் சாப்பாட்டறையில் ஒரு ஒழுங்கு உண்டு. கண் தட்டை விட்டு எழும்பக் கூடாது. அடுத்தவள் மெல்லுவதைப் பார்ப்பது அடக்கமில்லை. அதைக் கற்றுக்கொடுத்தவரே மதர்தான். மதருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அத்தனை வருஷம் சாப்பிட்டவள் அருள்சீலி. ஒரு நாளும் அந்த வாயைப் பார்த்ததில்லை.

இப்போது பார்த்தாள்.

மேல் வரிசைப் பல் அத்தனையும் ஒரே அளவு. அதற்கு மேலே இளஞ்சிவப்பாக ஒரு கோடு. சதை இல்லை அது. சுற்றியிருந்த சதை வெந்ததுபோல் செக்கச் செவேலென்று இருந்தது.

மதருக்குக் கட்டின பல் என்று அந்த மடத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் மதர். அவரும் மறந்துவிட்டார்.

“இப்ப என் முறை மதர்” என்றாள் அருள்சீலி, வாய் நிறைய நுரையோடு.

விரலை உள்ளே விட்டாள். மதர் கடிக்கவில்லை. பல் செட்டு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அசைத்து அசைத்து இழுத்தாள். சட்டென்று கழன்று வந்தது. மதர் “யம்மா!” என்று ஒரு சத்தம் போட்டார்.

சத்தம் கேட்டு ஜசிந்தா ஓடிவந்தார். அருள்சீலியின் உள்ளங்கையைப் பார்த்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

செட்டின் உள்பக்கம் கூழாகக் கிடந்தது. எத்தனை மாதத்துச் சாப்பாடோ. அதன் நடுவில் வெள்ளையாக ஒரு துணுக்கு.

“அது நற்கருணையா?” என்றார் ஜசிந்தா. “இல்ல, சோறா?”

“தெரியலை சிஸ்டர்.”

“கழுவிராதே. ஃபாதர் வரட்டும்.”

“ஃபாதர் சாயங்காலம்தான் வருவார். அதுவரைக்கும் இவங்க வாய்?”

 ஜசிந்தாவே போய்ப் பீடத்துக்கென்று வைத்திருந்த பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். செட்டு அதில் கழுவப்பட்டது. உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் அருள்சீலி துடைக்கத் துடைக்க, மதரின் வாயிலிருந்து வந்ததும் அதே கிண்ணத்தில் விழுந்தது. சீழ் எது, எச்சில் எது, ஆண்டவர் எது என்று பிரிக்க வழியில்லை. எல்லாவற்றையும் ஜசிந்தா இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய், யாரும் மிதிக்காத செம்பருத்திச் செடியின் மூட்டில் ஊற்றினார்.

அருள்சீலி டாக்டருக்குப் போன் போட்டாள்.

“செட்டைத் திரும்ப மாட்டிராதீங்க” என்றார் டாக்டர். “கஞ்சியை நல்லா ஆறவச்சு, மோர் விட்டுக் கரைச்சுக் குடுங்க. குடலுக்கும் நல்லது. புண்ணுக்கு மருந்தோட நாளைக்கு வாரேன். வண்டி வேண்டாம்.”

“மறதி, டாக்டர்?”

“அது போகாது சிஸ்டர். வலி போகும்.”

*

சேதி பரவிவிட்டது. கஞ்சிக் கிண்ணத்தோடு அருள்சீலி வந்தபோது வாசல் அடைத்துக்கொண்டு சிஸ்டர்கள் நின்றார்கள். செட்டு இல்லாத மதரின் முகம் உள்வாங்கி, சின்னதாகிப் போயிருந்தது. சிலர் பார்த்தார்கள். சிலர் பழக்கம் விடாமல் தரையைப் பார்த்தார்கள்.

ஜசிந்தா கட்டிலருகே முழந்தாளிட்டார். பதினாறு நாளை அவரால் அப்படிச் சுலபமாக விட்டுவிட முடியவில்லை. கடிதம் வேறு போய்ச் சேர்ந்திருக்கும்.

“மதர்” என்றார். “இத்தனை நாளும் தவம் இருந்தீங்களே. அதுல என்ன கண்டீங்க? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.”



மதர் ஜசிந்தாவைப் பார்த்தார். அருள்சீலியின் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார்.

“பசி” என்றார்.

வாயைத் திறந்தார்.