எல்லாரும் வளைக்கு ஓடுங்கள்!

காட்டில் ஒருவர் இருக்கிறார். பெயர் எதற்கு? இதைக் கேட்டால் அவருக்கே சுருக்கென்று தைக்கும். குளத்தங்கரைப் பிள்ளைகளை எல்லாம் ஒரு கீரியின் தலையில் கட்டிவிட்டு, "பார்த்துக்கொள்" என்ற ஒற்றைச் சொல்லோடு மலை உச்சிக்கு ஏறிப் போனவர் அவர்தான். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொன்னாரா? இல்லை. ஒருநாளாவது இறங்கி வந்து எட்டிப் பார்த்தாரா? அதுவும் இல்லை!

அந்தக் கீரியின் பெயர் சடைச்சி.

அல்லிக்குளத்தங்கரையில் காலையில் கொக்கு வாத்தியார் காட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளி நடத்துவார். வெயில் உச்சிக்கு வந்ததும் பள்ளி விட்டுவிடும். இரை தேடப் போன தாய் தகப்பன்மார் திரும்பி வருவதோ பொழுது சாயும்போது. இடைப்பட்ட நேரம் முழுவதும் குளத்தங்கரைப் பிள்ளைகள் கரையோர இலுப்பை மரத்தடியில் விளையாடும். சடைச்சி காவல் இருப்பாள்.

தாய் முகம் அறியாமல் வளர்ந்தவள் சடைச்சி. அடிபட்டு, மிதிபட்டு, தன் வளையைத் தானே தோண்டிக்கொண்டவள். நாகத்தையே நேருக்கு நேர் எதிர்த்து நின்றவள். நியாயம் தன் பக்கம் என்றால் புலியிடமும் பேரம் பேசுவாள். கோபம் மட்டும் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும்.

அவளுக்குத் தெரிந்த பாடம் ஒன்றே ஒன்று: ஆபத்து வந்தால் வளைக்குள் ஓடு! அவள் உயிர் தப்பியது அப்படித்தான். அதனால் இலுப்பையின் வேரடியில் பெரிய வளை ஒன்றைத் தோண்டி, எல்லாப் பிள்ளைகளையும் அதற்குள் ஓடப் பழக்கினாள்.

ஒருநாள் மத்தியானம் வானத்தில் இராசாளி வட்டமிட்டது.

"எல்லாரும் வளைக்கு ஓடுங்கள்!" என்று சடைச்சி தொண்டை கிழியக் கத்தினாள்.

பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்டன. வினையே அதுதான்! கிளையில் இருந்த அணில் கீழே இறங்கி ஓடிவந்தது. குளத்தில் கிடந்த நீர்நாய்க்குட்டி கரையேறித் தடுமாறியது. புல்லுக்குள் பதுங்கியிருந்த கௌதாரிக்குஞ்சு வெட்டவெளிக்கு வந்தது.

இராசாளி அம்புபோல் இறங்கியது. சடைச்சி பாய்ந்தாள். குஞ்சின் வால் இறகுகள் பிய்ந்து காற்றில் பறந்தன. குஞ்சு பிழைத்தது.

சாயங்காலம் பெற்றவர்கள் கூடிவிட்டார்கள்.

"தண்ணீரில் இருந்த பிள்ளையைக் கரைக்கு இழுத்தாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா?" என்று நீர்நாய்த் தாய் சீறினாள்.

"கீரியை நம்பிக் குஞ்சை விட்டாயே என்று சொந்தக்காரர்கள் அப்போதே சிரித்தார்கள்!" என்று கௌதாரித் தாய் அழுதாள். "இன்னொரு தடவை இப்படி நடந்தால் இலுப்பையடியே வேண்டாம். எங்கள் பிள்ளைகளைப் புதரிலும் பொந்திலும் அடைத்துப் போட்டுவிட்டுப் போகிறோம்!"

பிள்ளைகளின் முகம் வாடிப்போயிற்று. சடைச்சிக்கு நெஞ்சில் முள் ஏறியது. வளையில் தனியாக அடைந்து கிடப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் குட்டிக்காலம் முழுவதும் அதுதான்.

மறுநாள் விடிந்ததும் விடுவிடுவென்று மலை ஏறினாள். உச்சியில் அவர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"எனக்கு வழி சொல்ல ஆள் வேண்டும். கூட நிற்க ஒரு துணை வேண்டும்!" என்றாள்.

"பிள்ளை பார்க்கக்கூடவா படிப்பு வேண்டும்? போ, போ" என்று அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சடைச்சி பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். வழியில் புளியந்தோப்பில் ஒரு மந்தி குரல் கொடுத்தது.

"என்ன சடைச்சி, மூஞ்சியில் கடுகு வெடிக்கிறது?"

"உன் வேலையைப் பார்!"

"என் வேலை நேற்று என்ன பாடு படுத்தியது தெரியுமா? ஒருத்தன் வாலில் தொங்குகிறான், ஒருத்தி காதைக் கடிக்கிறாள். உன்னையும் 'பார்த்துக்கொள்' என்றுதானே விட்டுவிட்டுப் போனார்?"

சடைச்சி நின்றாள். "உன்னையுமா?"

"புல்வெளியில் மானையும், அக்கரையில் முக்குளிப்பான் பறவையையும்கூட அப்படித்தான். நாலு பேரும் நாலு மூலையில் தனியாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறோம்."

சடைச்சியின் மூளை சட்டென்று பேரத்துக்குத் தாவியது. "பாம்பு எந்த வழியாக வரும் என்று நான் காட்டித் தருகிறேன். பதிலுக்கு உனக்குத் தெரிந்ததை எனக்குக் கொடு."

"பாம்பு மட்டும் போதாது. தேளையும் சேர்!"

"தேள் தனி!"

"அப்படியானால் வேண்டாம், நடையைக் கட்டு."

"சரி சரி, தேள் கொசுறு! மற்ற இரண்டு பேரையும் கூப்பிடு."

கொக்கு வாத்தியார் பாடம் நடத்தும் காலை நேரத்தில் நாலு பேரும் குளத்தருகே ஒரு புற்றடியில் கூடினார்கள்.

மான் முதலில் பேசியது. "பகை வந்தால் எங்கள் குட்டி ஓடாது. புல்லோடு புல்லாகப் படுத்துவிடும். ஓடினால்தான் சாவு."

சடைச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ! கௌதாரிக்குஞ்சும் புல்லுக்குள்தானே இருந்தது! நான்தானே கத்தி வெளியே இழுத்தேன்!"

"என் குஞ்சுகளுக்குத் தண்ணீர்தான் வளை, அக்கா" என்றது முக்குளிப்பான். பிறகு தயங்கிச் சொன்னது: "இன்னொன்று. நீங்கள் ரொம்பக் கத்துகிறீர்கள். பயந்த பிள்ளை தப்பான பக்கம்தான் ஓடும்."

சடைச்சியின் உடம்பு ரோமம் எல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "கற்றுக்கொடுக்க வந்தாயா, குத்திக்காட்ட வந்தாயா?"

"நானும் கத்தினேன், அக்கா. போன மழைக்காலத்தில் அப்படித்தான் ஒரு குஞ்சைப் பறிகொடுத்தேன்."

சிலிர்த்த ரோமம் மெல்லப் படிந்தது. சடைச்சி நகர்ந்துபோய் முக்குளிப்பானை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அன்றுமுதல் காலையில் நாலு பேரும் கூடுவது வழக்கமாயிற்று. பாம்புத் தடத்தைச் சடைச்சி காட்டினாள். சண்டைக்காரக் குட்டிகளைப் பிரித்து உட்காரவைக்கும் வித்தையை மந்தி சொன்னது. சிலநாள் ஒரு பாடமும் நடக்காது. அவரவர் பட்ட பாட்டைச் சொல்லிச் சிரிப்பார்கள். அதுவே அன்றைய மத்தியானத்துக்குத் தெம்பாக இருக்கும்.

இலுப்பையடியில் சடைச்சி பிள்ளைகளிடம் முதல்முறையாகக் கேட்டாள். "பயம் வந்தால் உன் கால் எங்கே போகத் துடிக்கிறது?"

"தண்ணீருக்கு!" "மரத்துக்கு!" "எனக்கு ஓடவே தோன்றாது" என்றது கௌதாரிக்குஞ்சு.

"அதுதான் உன் வளை. அதையே பழகு!"

இராசாளி சும்மா இருக்குமா? மறுபடி வந்தது. அன்றைக்கு மந்தி தன் கூட்டத்தோடு இலுப்பையடிக்கு விளையாட வந்திருந்தது. உச்சிக்கிளையில் இருந்து அது பேசிவைத்த அடையாளமாக மெல்ல ஒரு செருமல் செருமியது. அவ்வளவுதான்! நீர்நாய் சத்தமில்லாமல் மூழ்கியது. அணில் தண்டின் மறுபக்கம் ஒட்டிக்கொண்டது. மந்திக்குட்டிகள் இலைக்கூட்டத்துக்குள் மறைந்தன. கௌதாரிக்குஞ்சு புல்லில் கல்லாய்க் கிடந்தது. கத்தத் துடித்த நாக்கைச் சடைச்சி கடித்துக்கொண்டு, குஞ்சின் அருகிலேயே பதுங்கியிருந்தாள்.

இராசாளி தாழப் பறந்து பார்த்தது. வெறுந்தரை. "இங்கே பிள்ளைகளின் இரைச்சல் கேட்டதே!" என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டது.

சாயங்காலம் கௌதாரித் தாய் சடைச்சியின் முன் தலை தாழ்த்தினாள். "தாயே, உன் காவல் போதும் எங்களுக்கு."

சடைச்சி நேரே மற்ற மூவரிடமும் ஓடினாள். நன்றி சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. வாய் வரவில்லை. "இந்தாருங்கள், இதற்கு விலை என்ன? சட்டுபுட்டென்று சொல்லுங்கள்!" என்று அதட்டினாள்.

"விலை கிடையாது" என்றது மான்.

"அதெப்படி? வாங்கினால் கொடுக்க வேண்டாமா?"

"தேள்தான் கொசுறாக வந்துவிட்டதே!" என்று மந்தி சிரித்தது.

சடைச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் வாழ்நாளில் பேரம் பேசாமல் கைக்கு வந்த முதல் பொருள் அது. "உங்களால்தான் என் பிள்ளைகள் பிழைத்தன. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்!" என்றாள்.

அந்த நேரம் பார்த்து உச்சியிலிருந்து காகம் சேதி கொண்டுவந்தது. "'நான் அமர்த்திய கீரி கெட்டிக்காரி' என்று அவர் பெருமைப்படுகிறார்!"

"பெருமையா? நன்றி இந்த மூன்று பேருக்கு. அவருக்கு என்னிடம் இருப்பது ஒரு சேதிதான்!" என்று சடைச்சி வாலை நிமிர்த்தினாள். "போய்ச் சொல்!"

அவள் சொல்லி அனுப்பியது இதுதான்: பிள்ளைகளைக் காப்பவருக்குக் கற்றுக்கொள்ள வழியும் சாய்ந்துகொள்ளத் தோளும் இருந்தால்தான் பிள்ளைகள் பிழைக்கும், ஆகவே ஐயா, வெயில் காய்ந்தது போதும், நாளைக் காலையாவது மலையை விட்டு இறங்கி எங்கள் புற்றடிக்கு வந்து, செய்யாமல் விட்டதைச் செய்யும்!