மூச்சுப் பெட்டிக்கு எலுமிச்சம்பழம்

ஒரு ஊர்ல ஒரு குறட்டை இருந்துச்சு.

ஏன் சிரிக்கிற முகை? கதையில ராஜா இருக்கலாம், நரி இருக்கலாம், குறட்டை மட்டும் இருக்கக் கூடாதா? அந்தக் குறட்டைக்குச் சொந்தமா ஒரு ஆளும் இருந்தாரு. பேரு தங்கப்பழம். மினிபஸ் டிரைவர். பகல் முழுக்க அவர் ஓட்டுற பஸ் போடுற சத்தத்தைவிட, ராத்திரி அவர் போடுற சத்தம் பெருசு.

"எப்படி இருக்கும் அத்தைப்பாட்டி?"

கொர்ர்ர்ர்... கொர்ர்ர்ர்... அப்புறம் டக்குன்னு நின்னுடும். ஒரு சத்தமும் இருக்காது. அவர் பொண்டாட்டி பூரணம் பயந்துபோய் எழுந்து உக்காருவா. அப்போ 'ஹக்'குன்னு ஒரு பெருமூச்சு வரும். மறுபடியும் கொர்ர்ர்ர்.

"சத்தம் நின்னா நல்லதுதானே?"

அப்படித்தான் எல்லாரும் நினைப்பாங்க. ஆனா சத்தம் நிக்கும்போது அவருக்கு மூச்சும் நின்னுடும். தொண்டை மூடிக்கும். ராத்திரி முழுக்க மூடித் திறந்து, மூடித் திறந்து, அந்த மனுஷன் தூங்கின மாதிரியே இருக்காது. பகல்ல ஸ்டியரிங் பிடிச்சா கண்ணு சொக்கும். டிரைவருக்குக் கண்ணு சொக்கலாமா? ம் சொல்லு.

"ம்."

அப்போ டாக்டர் அவருக்கு ஒரு பெட்டி கொடுத்தாரு. அதோ, என் கட்டில் பக்கத்துல ஸ்டூல் மேல இருக்கே, அதே மாதிரி. நீ யானைத் தும்பிக்கைன்னு பயந்தியே, அந்தக் குழாயும் முகத்துல மாட்டுற மாஸ்க்கும் அதுலயும் உண்டு. டாக்டருங்க சீபேப்னு சொல்வாங்க. தங்கப்பழம் வீட்ல மூச்சுப் பெட்டின்னு பேர் வச்சாங்க. எனக்கு அந்தப் பேருதான் பிடிச்சிருக்கு.

அந்தப் பெட்டிக்குள்ள ஒரு குட்டிக் காத்து குடியிருந்துச்சு. அதோட வேலை, ராத்திரி முழுக்கக் குழா வழியா ஓடி, தங்கப்பழத்தோட தொண்டை மூடிக்காம முட்டுக் கொடுக்கறது. முதல் நாளே அது சொல்லிடுச்சு. "எனக்குச் சம்பளம் வேண்டாம். மூணு விஷயம் போதும். குடிக்க நல்ல தண்ணி வேணும், வெறுங்காத்தா வந்தா உன் தொண்டை காஞ்சுபோகும். நான் வர்ற மாஸ்க் சுத்தமா இருக்கணும். என் மூக்கை யாரும் அடைக்கக் கூடாது."

தங்கப்பழம் "சரி சரி"ன்னாரு. எப்படின்னா, நீ ஹோம்வொர்க் முடிச்சியான்னு கேட்டா சொல்வியே, அந்தச் 'சரி சரி'.

"நான் முடிச்சுட்டேன்."

நான் உன்னைச் சொல்லல. அப்புறம், அன்னைக்கு ராத்திரி மாஸ்க்கை மாட்டினாரு. புஸ்ஸ்ஸ்... புஸ்ஸ்ஸ்... குறட்டை போன இடம் தெரியல. காலையில எழுந்தாரு, கண்ணு ரெண்டும் கழுவின கண்ணாடி மாதிரி இருந்துச்சு. பஸ்ஸை எடுத்தாரு. ரோட்ல ஒவ்வொரு மரமும் தனித்தனியாத் தெரிஞ்சுது அவருக்கு. எத்தனை வருஷமோ, மரமெல்லாம் கூட்டமாத்தான் தெரிஞ்சுக்கிட்டு இருந்துச்சாம்.

இப்போ வருது பாரு முதல் கஷ்டம்.

பெட்டிக்கு அடியில சின்னத் தண்ணித் தொட்டி ஒண்ணு உண்டு. அதுல தண்ணி குறைஞ்சா தங்கப்பழம் குழாத் தண்ணிய ஊத்துவாரு. அந்த ஊர்க் குழாயில வர்றது போர் தண்ணி, உப்பு. பழைய தண்ணியக் கொட்டறதும் இல்ல. மேல மேல ஊத்தறதுதான். அப்போ என்னாச்சு? தொட்டி அடியில சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை பூத்துச்சு. ஓரத்துல வழவழன்னு பாசி வந்துச்சு. குட்டிக் காத்து அதுக்குள்ள 'க்ளுக் க்ளுக்'குன்னு விக்குச்சு. தங்கப்பழம் மூச்சை இழுத்தா, அழுக்குக் குளத்துல முகத்தைப் புதைச்ச மாதிரி வாடை. தூக்கத்துலயே மாஸ்க்கைப் பிடுங்கி வீசிட்டாரு.

மறுநாள் பஸ் ஓட்டும்போது கண்ணு சொக்குச்சு. ஸ்டாப் ஒண்ணு வந்துச்சு, போச்சு. இறங்க வேண்டிய ஆளுங்க எல்லாம் "ஏ டிரைவரு, எங்களை எங்க கூட்டிட்டுப் போறே?"ன்னு கத்துனாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் பூரணம் தொட்டியைத் தூக்கிப் பார்த்தா. மூக்கைப் பொத்திக்கிட்டா. "ஏங்க, பஸ் பேட்டரிக்கு இந்தக் குழாத் தண்ணியவா ஊத்துவீங்க?"

"சேச்சே, பேட்டரி பாழாயிடும். அதுக்கு டிஸ்டில்டு வாட்டர்தான்."

"பேட்டரிக்கு அது. உங்க நெஞ்சுக்கு இதா?"

தங்கப்பழம் தொட்டியை வாங்கினாரு. வினிகரையும் தண்ணியையும் கலந்து தொட்டியில ஊறவச்சாரு. சுர்ர்ருன்னு வெள்ளையெல்லாம் கரைஞ்சுது. நல்லா அலசினாரு, வினிகர் வாடை போறவரைக்கும். அப்புறம் மருந்துக் கடையில சுத்தமான டிஸ்டில்டு வாட்டர் வாங்கினாரு. பேட்டரிக்கு விக்கிற கேன் இல்ல, அது பேட்டரிக்குத்தான். அன்னையிலேர்ந்து காலையில தொட்டியைக் காலி பண்ணி, கழுவி, காயவச்சு, ராத்திரி புதுத் தண்ணி. காத்து 'புஸ்ஸ்ஸ்'ஸுன்னு சந்தோஷமா ஓடுச்சு. தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

ரெண்டாவது கஷ்டம், பாசத்துல வந்த கஷ்டம். பூரணம் சொன்னா, "தொட்டிய நீங்க பாத்துக்கிட்டீங்க, மாஸ்க்கை நான் பாத்துக்கறேன்." பாத்துக்கிட்டா. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி, ரெண்டு கை துணி சோப்புத் தூள், சட்டைக் காலர் தேய்க்கிற பிரஷ். வரட் வரட்டுனு தேய்ச்சா. அப்புறம் உச்சி வெயில்ல தகரக் கூரை மேல வத்தல் பக்கத்துல காயப்போட்டா.

"காஞ்சுதா?"

வத்தலும் காஞ்சுது, மாஸ்க்கும் காஞ்சுது. எது எதுன்னுதான் தெரியல. மெத்துனு இருந்த மாஸ்க் அப்பளம் மாதிரி வெடவெடன்னு ஆயிடுச்சு. அன்னைக்கு ராத்திரி அதை மாட்டினா, காத்து மூக்குக்குப் போகாம ஓரமா ஒழுகி அவர் கண்ணுக்குள்ள அடிச்சுது. பீஈஈ... பீஈஈ... நாதஸ்வரத்துக்குச் சீவாளி சரியில்லாத மாதிரி ஒரு சத்தம். தங்கப்பழமும் தூங்கல, பூரணமும் தூங்கல, பக்கத்து வீட்டு நாயும் தூங்கல.

மறுநாள் பஸ் ரோட்டை விட்டு இறங்கி, ஓரத்துல கொட்டியிருந்த மணல் குவியல் மேல ஏறி 'பொத்'துன்னு நின்னுச்சு. யாருக்கும் அடிபடல. மணல்ல படுத்திருந்த ஒரு கோழிக்குக் கோபம், அவ்வளவுதான்.

ஆனா பஸ் முதலாளி ஞானதிரவியம் காதுக்குச் சேதி போயிடுச்சு. அவர் கெட்டவர் இல்ல. பெரிய தொந்தி, பெரிய மீசை, பயந்த சுபாவம். "ஏ தங்கம், பஸ்ல போறது புள்ளைங்க. ஆயுத பூஜை முடிஞ்ச மறுநாள் காலையில முதல் டிரிப்புலேர்ந்து நான் உன் பின்னாடி சீட்டுல உக்காருவேன். உன் தலை ஒரு தடவை சாஞ்சாலும் சாவியை என் கையில கொடுத்துடணும். ஷெட்டுல பஸ் கழுவுற வேலை தாரேன்."

தங்கப்பழத்துக்கு ஸ்டியரிங்னா உசிரு. முதலாளி சொன்னதுல தப்பு இல்லன்னும் அவருக்குத் தெரியும். அதுதான் ரொம்பச் சுட்டுச்சு. வேற மாஸ்க் வாங்கினாங்க. இந்தத் தடவை பூரணம் வெதுவெதுப்பான தண்ணியில, கைக்குழந்தைக்குப் போடுற சோப்புல, விரலாலயே தடவிக் கழுவி நிழல்ல காயவச்சா. குழாயையும் கழுவி, கொடியில பாம்பு மாதிரி தொங்கவிட்டா. எல்லாம் சரி.

எல்லாம் சரின்னு நினைக்கும்போதுதானே மூணாவது வரும்?

"ம்... வரும்."

ஆயுத பூஜை வந்துச்சு. தங்கப்பழம் பஸ்ஸைக் கழுவி, வாழைக்கன்னு கட்டி, சந்தனம் குங்குமம் வச்சு, பூசணிக்காய் உடைச்சு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி ஓட்டிட்டு, பொரியும் சுண்டலும் எடுத்துக்கிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாரு. நாளைக் காலையில சோதனை. இன்னைக்கு நல்லாத் தூங்கணும்னு மாஸ்க்கைத் தேடினா, பெட்டியைக் காணோம்.

எங்க இருந்துச்சு தெரியுமா? பூஜை அறையில, மணைப் பலகை மேல. இந்தப் பக்கம் அரிவாமணை, அந்தப் பக்கம் தையல் மெஷின் கத்திரிக்கோல், நடுவுல மூச்சுப் பெட்டி. உடம்பெல்லாம் சந்தனம். காத்து உள்ளே போற துவாரம் ஒண்ணு இருக்குமே, அது மூக்கு. அதுக்கு மேல குழைச்சு அப்பின சந்தனம், நடுவுல வட்டமாக் குங்குமம். பக்கத்துல சாம்பிராணி பொகபொகன்னு.

வச்சது அவர் அம்மா பேச்சியம்மாள். "ஏய்யா, உனக்குச் சோறு போடுற பஸ்ஸுக்குப் பொட்டு வைக்கிறோம். உனக்கு உசிரு கொடுக்கிற பெட்டிக்கு வைக்காண்டாமா?"

"அம்மா, அது மூக்கும்மா. மூக்கை அடைச்சுட்டியே. துடைச்சுட்டு எடுத்துக்கிடட்டா?"

"எடுக்கப்படாது. பூஜையில வச்சதை மறுநாள் காலையிலதான் எடுக்கணும். நீ சின்னப் பிள்ளையில புஸ்தகத்தை வச்சுட்டு, இன்னைக்குப் படிக்கக் கூடாதுன்னு குதிப்பியே, மறந்துபோச்சா?"

பாரு, எப்படிப் பிடிச்சா. பெட்டி இல்லைன்னா தூக்கம் இல்ல. தூக்கம் இல்லைன்னா சாவி இல்ல. அம்மா சொல்லைத் தட்டவும் அவருக்கு மனசு வரல. தங்கப்பழம் சுண்டலைக் கையில வச்சுக்கிட்டு யோசிச்சாரு. ஒவ்வொண்ணா வாயில போட்டுக்கிட்டே யோசிச்சாரு.

"என்ன யோசிச்சாரு?"

இதைத்தான். "அம்மா, புஸ்தகத்தை மறுநாள்தான் எடுக்கணும். சரி. என் பஸ்ஸை இன்னைக்கே ஓட்டிட்டு வந்தேனே, அது தப்பா?"

"அது எப்படித் தப்பாகும். வண்டின்னா பூஜை முடிச்சு, எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி ஓட்டத்தான் வேணும். நிறுத்தி வைக்கப்படாது."

"அப்போ இதுவும் வண்டிதான். மோட்டார் இருக்கு. தண்ணி ஊத்துறோம். ஏர் ஃபில்டர் இருக்கு. ஓடுது."

பேச்சியம்மாள் லேசுல விடுற ஆள் இல்ல. நீ வளர்ந்து வக்கீலானா அவளை மாதிரி ஆகணும். "ஓடுதா? வண்டின்னா ஒரு ஊருக்குப் போகணும்லே. இது ராத்திரியெல்லாம் மேசை மேலயே உக்காந்திருக்கு. இது எந்த ஊருக்குப் போவுது?"

தங்கப்பழம் சொன்னாரு, "விடியக்காலைக்குப் போவுதும்மா. என்னைய ஏத்திக்கிட்டு."

மகன் மூச்சு நின்னு நின்னு வர்றதைப் பக்கத்து அறையிலேர்ந்து பேச்சியம்மாளும்தானே கேட்டுக்கிட்டு இருந்தா. போனா. அடுக்களையில தட்டு முட்டுன்னு சத்தம். திரும்பி வந்தா. கையில ஒரு எலுமிச்சம்பழம்.

"வண்டின்னா முறைப்படி கிளப்பணும். சக்கரம் எங்க?"

சக்கரம் இல்ல. அப்புறம் பழத்தைத் தரையில வச்சு, பெட்டியை ரெண்டு கையிலயும் தூக்கிக்கிட்டுத் தங்கப்பழமே குதிகாலால ஒரு மிதி. ப்ளச்! பூரணம் சிரிச்ச சிரிப்புல சாம்பிராணியே அணைஞ்சுபோச்சு.

"சக்கரம் தங்கப்பழம்தான்!"

அவரேதான். அப்புறம் ஈரத் துணியைப் பிழிஞ்சு, பெட்டி மேல இருந்த சந்தனத்தையெல்லாம் துடைச்சாங்க. கரண்ட் வயரை மாட்டறதுக்கு முன்னாடியே துடைச்சாங்க. மூக்குத் துவாரத்தைத் திறந்தா, உள்ளே காத்தை வடிகட்டுற வெள்ளைப் பஞ்சு மஞ்சளும் சிவப்புமா குழம்பிக் கிடந்துச்சு. அதைத் தூக்கிப் போட்டுட்டு, பெட்டியோட வந்த பையில இருந்த புதுப் பஞ்சை வச்சாங்க. பேச்சியம்மாளுக்காக ஒரே ஒரு பொட்டு மட்டும் விட்டுவச்சாங்க. மூக்கு மேல இல்ல, உச்சந்தலையில.

அன்னைக்கு ராத்திரி குட்டிக் காத்து பொட்டு வச்சுக்கிட்டு ஓடுச்சு. புஸ்ஸ்ஸ்... புஸ்ஸ்ஸ்...

மறுநாள் முதல் டிரிப். ஞானதிரவியம் டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல உக்காந்து, மீசையை முறுக்கிக்கிட்டு, தங்கப்பழத்தோட பிடரியையே பார்த்தாரு. தங்கப்பழம் தலை ஆடல. மரமெல்லாம் தனித்தனியா வந்துச்சு, போச்சு. ரெண்டாவது டிரிப். ஆடல. வெயில் ஏறுச்சு. ஜன்னல்ல சில்லுனு காத்து. அப்போ பஸ்ஸுக்குள்ள ஒரு சத்தம்.

கொர்ர்ர்ர்... கொர்ர்ர்ர்... டக்.

"தங்கப்பழமா?"

அவர் ஸ்டியரிங்கைப் பிடிச்சு முழுசா முழிச்சுக்கிட்டு இருக்காரு. கண்ணாடியில பார்த்தாரு. முதலாளி வாயைத் திறந்து, மீசை ஏறி இறங்க, நல்ல தூக்கம். சத்தம் நின்னதும் பஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சு. தங்கப்பழத்துக்கு மட்டும் சிரிப்பு வரல. அந்த 'டக்'கு என்னன்னு அவருக்குத்தானே தெரியும். பஸ்ஸை மெதுவா ஓரம் கட்டி, எழுந்து போய்த் தோளைத் தொட்டாரு. 'ஹக்'குன்னு மூச்சு வந்துச்சு.

"முதலாளி. எழுந்திருங்க."

ஞானதிரவியம் சுத்திலும் பார்த்தாரு. எல்லாரும் இவரையே பாக்குறாங்க. மீசையைத் தடவினாரு. சாவியைப் பத்தி அதுக்கப்புறம் அவர் வாயே திறக்கல. கடைசி டிரிப் முடிஞ்சு எல்லாரும் இறங்கினப்புறம், குரலைத் தாழ்த்திக் கேட்டாரு. "ஏ தங்கம், அந்தப் பெட்டி... அது எங்க கிடைக்கும்?"

"முதல்ல டாக்டரைப் பாருங்க முதலாளி. தண்ணியும் மாஸ்க்கும் பூரணம் சொல்லித் தருவா. எலுமிச்சம்பழம் எங்க அம்மா கொண்டாருவாங்க."

அவ்வளவுதான் முகை. முகை?

"ம்... அத்தைப்பாட்டி, நீங்க எலுமிச்சம்பழம் வச்சீங்களா?"

வச்சு, மிதிச்சு, நாளாச்சு. தொட்டியில இன்னைக்குத் தண்ணி புதுசு, மாஸ்க் காலையில கழுவினது, பஞ்சு வெள்ளையா இருக்கு. இதை மாட்டிக்கிட்டா என்னால பேச முடியாது. அதனால கதை இங்கயே இறங்கிக்குது. விடியக்காலைக்குப் போற வண்டி கிளம்புது, நீ ஜன்னலோரமாப் படுத்துக்கோ.

புஸ்ஸ்ஸ்...