பொத்தானுக்கு முன்னால் ஒரு நிமிடம்

"பர்வீனை இந்தக் குழுவிலிருந்து அனுப்பிடுங்க, மேடம்" என்றார் செங்கோடன். உட்காரக்கூட இல்லை.

ஸ்டெல்லா நிமிர்ந்து பார்த்தார். செங்கோடனைவிட வயதில் சிறியவர். ஆனாலும் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும், செங்கோடனுக்கும், மென்பொருள் வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

"என்ன செஞ்சா?"

"நேத்து தளத்தையே சாய்ச்சுட்டா!"

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் தங்கள் முறையைப் பதிவு செய்துவைக்கும் இணையதளம் அது. நேற்று மதியம் வரை அது திறக்கவில்லை. யாருடைய முறை எப்போது என்று ஆஸ்பத்திரிகளுக்கே தெரியவில்லை.

"முதல் பஸ் பிடிச்சு வந்தவங்க, மேடம். வீங்கின காலோட பெஞ்சிலயே கிடந்திருக்காங்க. நினைச்சாலே எனக்குக் கொதிக்குது."

"எனக்கும்தான்" என்றார் ஸ்டெல்லா. "சொல்லுங்க."

தளத்தின் புதிய பதிப்பைக் கிளவுடில் ஏற்றுவது முன்பெல்லாம் அரை நாள் வேலை. செங்கோடன்தான் அதைத் தானியங்கி ஆக்கினார். இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். சோதனைகள் தானே ஓடும். அவை தேறினால் புதிய பதிப்பு தானே ஏறும்.

"யார் வேணும்னாலும் அழுத்தலாம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டார் ஸ்டெல்லா.

"சொன்னேன். ஆனா ஒரு வழக்கம் இருக்கே! எல்லாரும் 'செங்கோடன் சார், அழுத்தவா?'ன்னு கேட்டுட்டுத்தான் அழுத்துவாங்க. இவ கேட்கலை."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"அக்கா பேத்திக்குக் காதுகுத்து. லீவு."

"அவ எதுக்கு அழுத்தினா?"

"சில நோயாளிகளுக்கு நினைவூட்டல் செய்தி போகலையாம். அதைச் சரி பண்ணியிருக்கா."

"சரியாப் பண்ணியிருந்தாளா?"

"ம். அது சரிதான்."

"சோதனை தேறுச்சா?"

"தேறுச்சு."

"அப்ப எதுல தப்பு?"

"கேட்கலையே, மேடம்! பெரியவங்க, அனுபவம்னு எதுவும் வேணாமா? மகாராணி, நேரா வந்து அழுத்திட்டுப் போயிடுவாங்களா?"

ஸ்டெல்லா பேனாவை மூடி வைத்தார்.

"கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?"

"'ஒரு நிமிஷம்'னு சொல்வேன். அப்புறம் 'ம், அழுத்து'ன்னு சொல்வேன்."

"அந்த ஒரு நிமிஷத்துல என்ன செய்வீங்க?"

செங்கோடன் நாற்காலியை இழுத்து, இப்போதுதான் உட்கார்ந்தார்.

"அது... சர்வருக்குள்ள போய்ப் பழைய பதிப்புகளைத் துடைப்பேன். துடைக்கலைன்னா புதுசுக்கு இடம் பத்தாது. பாதி ஏறி நின்னுடும்."

"நேத்து என்ன ஆச்சு?"

"பாதி ஏறி நின்னுடுச்சு."

"துடைக்கணும்னு பர்வீனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான், மேடம்."

அப்போதுதான் ஸ்டெல்லாவின் குரல் உயர்ந்தது.

"தானியங்கின்னு மேடை ஏறிப் பேசினீங்களே, சார்! மனுஷக் கை படவே வேண்டாம்னு சொன்னீங்களே! சால்வை போத்தினாங்க. நான் எழுந்து நின்னு கை தட்டினேன்!"

"சின்ன வேலைதான், மேடம். ரெண்டே வரி. அதையும் சேர்த்து எழுதிடலாம்னு நினைச்சுட்டே..."

ஸ்டெல்லா தன் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

"எழுதுங்க."

"இப்பவா?"

"காது குத்தி முடிஞ்சிருச்சில்ல?"

செங்கோடன் எழுதினார். இரண்டு வரிதான். ஒரு நிமிடத்துக்குள் எழுதி முடித்துவிட்டார்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து ஏற்றுக்கொள்ளாமல் எதுவும் நிரலில் சேராது. அது அங்கே விதி. யார் படிப்பது என்று திரை கேட்டது. செங்கோடன் 'ஸ்டெல்லா' என்று தட்டப் போனார்.

ஸ்டெல்லா கையை நீட்டி, 'பர்வீன்' என்று தட்டினார்.

பிறகு எழுந்து போய், கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டார்.

பர்வீன் வந்தாள். கழுத்தில் தொங்க வேண்டிய அடையாள அட்டையைக் கழற்றிக் கையிலேயே கொண்டுவந்திருந்தாள். அதை மேசைமேல் வைக்கப் போனாள்.

"அது இருக்கட்டும். இதைப் படி" என்றார் ஸ்டெல்லா.

நின்றபடியே படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"பழசைத் துடைக்கிறது... இது இல்லாமதான் நேத்து நின்னுச்சா?"

"ஆமாம்மா" என்றார் செங்கோடன்.

"இதுக்கு முன்னாடி மட்டும் எப்படி நிக்காம ஏறுச்சு?"

"நான் கையால துடைச்சுக்கிட்டு இருந்தேன்."

"சொல்லவே இல்லையே, சார்."

பர்வீன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. 'ஏற்கிறேன்' என்ற கட்டத்தின் மேல் அவள் விரல் நின்றது. அழுத்தினாள்.

"வரி சரியா இருக்கு" என்றாள். "ஆனா நேத்து வீட்டுக்குப் போய் எங்க அம்மாகிட்டயும் அத்தாகிட்டயும் வேலை போயிடுச்சுன்னு சொல்லிட்டேன். நான் கவனமில்லாம அழுத்தினதாலதான் அத்தனை நோயாளிங்க தவிச்சாங்கன்னு சொன்னேன். அத்தா இன்னும் எங்கிட்ட பேசலை. இப்ப அவர்கிட்ட யார் போய்ச் சொல்றது?"

செங்கோடன் ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

"என்னை ஏன் பார்க்கறீங்க?" என்றார் ஸ்டெல்லா.