கீபோர்டைத் தொடாதவர்

கோவையில் ஒரு மென்பொருள் கம்பெனி. அங்கே மேனேஜர் ரங்கபாஷ்யம் வைத்ததுதான் சட்டம். புதிதாகச் சேர்ந்த டேட்டா இன்ஜினியர் ஆதிரையை ஒருநாள் கூப்பிட்டார்.

"கீபோர்டை யார் குறைவாத் தட்டுறாங்கன்னு கண்டுபிடிக்க ஒரு புரோகிராம் எழுதும்மா. கடைசியில வர்ற ஆளை வேலையை விட்டுத் தூக்கப்போறேன்."

"கணக்குல யாரையாவது விட்டுடணுமா சார்?"

"ஒருத்தரையும் விடாதே!"

ஆதிரை எழுதி முடித்ததும், கம்பெனி முதலாளி முன்னால் மேனேஜரே பெருமையாகப் பட்டியலைத் திரையில் போட்டுக் காட்டினார். கடைசிப் பெயர் ரங்கபாஷ்யம்!

"என் வேலை யோசிக்கிறது! அதை மெஷின் எப்படி அளக்கும்?" என்று கத்தினார்.

"அளக்க முடியாதுதான் சார்," என்றாள் ஆதிரை பணிவாக. "நாங்களும் யோசிச்சுட்டுத்தான் தட்டுறோம்."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கு வேலை போனது அந்தப் புரோகிராமுக்கு மட்டும்தான்.